கீழே விழுந்த கத்தி பற்றிச் சில அபிப்பிராயங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில், மீன் பொரிக்கிற புகைக்குள் கிடைத்தது. ஊர் டொலீடோ. தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கண்ணாடித் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர்கள் எல்லாம் அன்றைக்கு இறைச்சியைத் தொடாமல் மீனுக்கு வரிசையில் நிற்பார்கள். நான் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்றேன். காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டேன், யாரையும் கேட்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தொலைக்காட்சி என்பது நவீன வாழ்வின்–"

வேண்டாம். இப்படி எழுதுகிறவன் மீன் பொரித்திருக்க மாட்டான்.

அப்புறம் இப்படி: "ஜெனிவீவ் நோவாக் அன்று வழக்கத்தைவிட அழகாக–"

அதுவும் வேண்டாம். அவள் அன்று இரண்டு கைக்கும் வேறு வேறு கையுறை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவள் புருஷன் காஸுக்குத் திங்கட்கிழமை நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை. அவர் போக மாட்டேன் என்கிறார். கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் அபிப்பிராயம்.

2

வியாழக்கிழமை தோறும் ஓர் ஆஸ்பத்திரி நாடகம் வரும். ஊரே பார்க்கும். வழக்கமாக முன்கூட்டியே எடுத்து, வெட்டி ஒட்டி, பிழை துடைத்து அனுப்புவார்கள். அந்த வாரம் மட்டும் நேரலை. நடிகர்கள் நடிக்க நடிக்க அப்படியே வீட்டுக்குள் வரும். ஒரு மாதமாக விளம்பரம். காஸுக்கு அது தன் திங்கட்கிழமைக்கு ஒத்திகை மாதிரி. நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

மேசையில் ஒரு ஆள் மயங்கிக் கிடக்கிறான். மருத்துவர் நெஞ்சில் கை வைக்கிறார். கத்தி நழுவுகிறது. தரையில் விழுந்து இரண்டு முறை துள்ளுகிறது. நேரலை அல்லவா, நிறுத்த முடியுமா? மருத்துவர் குனிந்தார். எடுத்தார். அதே கத்தியால் அறுத்தார்.

காஸ் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார்.

"நான் போகல."

"காஸ், அது நாடகம்."

"நாடகம்னா அழகாத்தானே காட்டுவான்? அழகாக் காட்டுறதுலயே தரையில கெடந்த கத்தின்னா, நெஜத்துல என்ன கதி?"

(ஜெனிவீவ் தன் புருஷனை 'நீ' என்றுதான் சொல்வாள். ஒரு பிரதியில் 'நீங்க' போட்டுப் பார்த்தேன். அவள் வேறு யாரோ ஒருத்தி ஆகிவிட்டாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிறவள் போல. அடித்துவிட்டேன்.)

3

மறுநாள் காலை கலிபோர்னியாவிலிருந்து ஜெனிவீவின் அக்கா பெர்னிஸ் தொலைபேசியில் வந்தாள்.

"கத்தியா? எந்தக் கத்தி? ஒண்ணும் விழல. தேன்ல நூல் இழுத்த மாதிரி செஞ்சான்டி அந்தப் பையன்."

ஜெனிவீவுக்கு உயிர் வந்தது. "அக்கா, இத அவர்கிட்டயே சொல்லு" என்று கருவியைக் காஸிடம் நீட்டினாள். இது அவள் செய்த பிழை. இந்த உலகத்தில் காஸ் நம்பாத மனிதர்களில் முதல் ஆள் பெர்னிஸ்.

"உங்கக்கா என்னைக்கு உண்மை பேசியிருக்கா?" என்றார், கருவியை மார்போடு பொத்திக்கொண்டு. "நான் செத்தா இந்த வீட்டை வித்து உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போகணும். அதுக்காக விழுந்த கத்திய விழலேங்கிறா."

"எல்லாம் கேக்குது காஸிமிர்!" என்றது கருவி.

4

கூடத்தில் அபிப்பிராயங்கள். நான் கேட்ட வரிசையில்:

முட்டைக்கோஸ் சாலட் பரிமாறும் லியோனா: "அது கைதவறி விழல. அந்த டாக்டருக்குப் பொண்டாட்டி ஓடிப்போயிட்டா. போன வாரமே மொகம் சரியில்ல. எழுதினவனே விழ வச்சிருக்கான்."

கடைசி வரிசையில் ஒருவர்: "பின்னாடி நின்ன நர்ஸ் சிரிச்சிட்டா. நான் பாத்தேன்."

இன்னொருவர்: "சிரிக்கல. அழுதா."

தொழிற்சங்கத்தின் ஓய்வுபெற்றோர் பிரிவுத் தலைவர் சிகி: "எனக்கு நிகழ்ச்சியே பிடிக்கல. ஆனா கத்தி பிரமாதம்."

(இங்கே பார்வையாளர் என்கிற ஜீவனைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். சாரம்: தன் நெஞ்சு இல்லாத வரைக்கும் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை ரசிக்கும்படியானது. அந்த ஒரு வரி போதும்.)

மருமகளோடு விருந்துக்கு வந்திருந்த ஒருவர்தான் முடிச்சை அவிழ்த்தார். கிழக்கில் நமக்கும் மேற்கில் கலிபோர்னியாவுக்கும் கடிகாரம் வேறு. அதனால் நடிகர்கள் நமக்கு ஒரு முறை நடித்துவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து மேற்குக்காரர்களுக்கு முதலிலிருந்து மறுபடியும் நடித்தார்கள். நமக்கு விழுந்தது. அவர்களுக்கு விழவில்லை.

ஜெனிவீவ் கையுறையைக் கழற்றி மேசையில் அடித்தாள். "கேட்டியா? அக்கா சொன்னது நெசம்!"

காஸ் மீனை மென்று முடித்தார். பிறகு சொன்னார்:

"அப்போ ரெண்டு தடவை அறுத்தா ஒரு தடவை விழுது. பாதிக்குப் பாதி. திங்கக்கிழமை எனக்கு எந்த ஆட்டம்னு யாரு சொல்றது?"

கூடம் முழுக்கத் தலையாட்டியது. எனக்குக்கூட ஒரு கணம் நியாயமாகத்தான் பட்டது. பிரச்சனையே அதுதான்.

5

இந்த மனிதர்கள் முப்பது வருஷம் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள். எதையும் தீர்மானம் போட்டு, கை தூக்கித்தான் முடிப்பார்கள். காபியில் பால் முதலிலா பின்னாலா என்பதற்குக்கூட ஒரு தடவை முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிகி கரண்டியால் மேசையைத் தட்டினார்.

"தோழர் காஸ் நோவாக்கின் நெஞ்சைத் திங்கட்கிழமை திறக்கலாமா என்பது தீர்மானம். வழிமொழிவது யாரு?"

வழிமொழிந்தார்கள். ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார்: கத்தியை மருத்துவரின் மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது. தீர்மானத்துக்கு ஜெனிவீவும் கை தூக்கினாள்.

"அம்மா, நீங்க சங்கத்துல உறுப்பினர் இல்ல" என்றார் சிகி, வருத்தத்தோடு.

"நெஞ்சு யாருது சிகி?"

"உறுப்பினருது."

ஜெனிவீவ் எழுந்தாள். காஸின் கோட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள். "எழுந்திரு. போவோம்." ஓட்டு எண்ணி முடியவில்லை. அவர்கள் படியேறிய பிறகும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

6

இப்போது முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: காஸ் போகிறார், பிழைக்கிறார். (லியோனா: "சப்புன்னு இருக்கு.")

இரண்டு: போகவில்லை, வேனிலில் புல் வெட்டும்போது விழுகிறார். (எல்லோரும் அழுவார்கள். எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். அதனாலேயே–)

மூன்று: போகிறார், நிஜமாகவே கத்தி விழுகிறது. (சிகி: "பிரமாதம்.")

மூன்றையும் எழுதிப் படித்தபோது, அந்தக் கூடத்தில் நானும் கை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அடித்துவிட்டேன். மிச்சமிருப்பது நான் எண்ணெய் வாளியைக் கொட்ட வெளியே போனபோது காதில் விழுந்தது. கார் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"நெசமா சொல்லு. கத்தியா உனக்கு பயம்?"

காஸ் கோட்டின் பொத்தானைப் போட்டார்.

"கத்தி விழுந்தப்போ நீங்க எல்லாரும் கத்தியப் பாத்தீங்க. நான் படுத்திருந்தவனப் பாத்தேன், ஜென். அவனுக்குத் தெரியவே இல்ல. அவன் பாட்டுக்குக் கண்ண மூடிட்டுக் கெடந்தான். சுத்தி இவ்வளவு நடக்குது, அவன் ஒருத்தனுக்குத்தான் ஒண்ணும் தெரியல."

"அவன் நடிகன்."

"நான் நடிகன் இல்லியே."

ஜெனிவீவ் வண்டியைக் கிளப்பவில்லை. சாவியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் பாத்தான்" என்றாள்.

"என்ன?"

"கத்தி விழுந்து கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கண்ணத் தொறந்து பாத்தான். யாரு நிக்கிறாங்கன்னு பாத்துட்டு, திரும்ப மூடிக்கிட்டான்."

"பொய்."

"நீ அப்பவே அணைச்சிட்டே. உனக்கெப்படித் தெரியும்?"

(அவர் அணைத்தால் அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். காஸ் கேட்கவில்லை. முப்பது வருஷம் எதற்கெடுத்தாலும் ஆட்சேபணை எழுப்பிய மனிதர், அந்த ஒரு ஆட்சேபணையை எழுப்பவில்லை.)

"யாரு நின்னாங்களாம்?" என்றார்.

"தெரிஞ்சவங்க யாரோ. இல்லேன்னா மூடியிருப்பானா?"

"உன்ன உள்ள விட மாட்டாங்க, ஜென்."

"கதவு வரைக்கும் விடுவாங்க. கண்ண மூடுற வரைக்கும் நிக்கிறேன். தொறக்குறப்பவும் நிக்கிறேன். நடுவுல என்ன விழுந்தாலும் எடுக்குறது அவங்க வேலை."

அப்புறம் காஸ் ஒரு கேள்வி கேட்டார். திங்கட்கிழமையைப் பற்றி. எண்ணெய் வாளி சரிந்து கையைச் சுட்டதில் நான் ஒரு சத்தம் போட்டேன். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனிவீவ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணாடியை மேலே ஏற்றினாள். உள்ளே அவள் வாய் அசைவது தெரிந்தது. நீளமான பதில். காஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பதில் அவருக்குச் சொன்னது. எனக்கோ உங்களுக்கோ அல்ல.