சைனபுவின் பின்னால் வந்த தீவு

கடக்வாஸ்லா அணையில் நான்கு தீவுகள் முளைத்தது ஜூன் மாதத்தில், முதல் மழைக்கு முந்தைய நாள். அந்த வாரம் புனேயில் வெங்காயம் கிலோ முப்பத்தைந்து, கொத்தமல்லிக் கட்டு இருபது. தீவுகளில் தென்னை மரங்கள் காயோடு நின்றன, நண்டுகள் ஓடின. தீவுகளைச் சுற்றி ஒரு கூப்பிடு தூரத்துக்குத் தண்ணீர் உப்புக் கரித்தது. அதற்கு அப்பால் ஊர் குடிக்கிற அதே நல்ல தண்ணீர். அதிகாரிகள் இரண்டையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்துச் சோதித்து, குடிநீருக்குப் பாதகமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் ராணுவப் பயிற்சிக் கல்லூரி இருப்பதால் அவர்களுடைய ஒத்திகையாக இருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். நாங்கள் தென்னை வைப்பதில்லை என்று அங்கிருந்து பதில் வந்தது. அணைக்கரையில் சுட்ட சோளமும் வெங்காய பஜ்ஜியும் விற்றுக்கொண்டிருந்தவர்கள் மறுநாளே இளநீருக்கு மாறினார்கள். தீபாவளிக்குள் ஃபெர்ரி வந்துவிட்டது. காலையில் கிளம்பி நான்கு தீவுகளையும் காட்டி, சாயங்காலம் கரையில் கொண்டுவந்து விடும். ஊரில் பாதிப் பேர் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, பழையபடி டிராஃபிக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

புனேயின் கேம்ப் பகுதியில் பயணப்பெட்டிக் கடை வைத்திருக்கும் அப்துல் மாலிக் அந்தப் பாதியில் சேரவில்லை. அவருக்குக் கடை உண்டு, கடையை விட்டால் வீடு மாற்றுகிற வேலை உண்டு. புனேயில் வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம். அது முடிகிற சமயத்தில் வீட்டுக்காரருடைய மகன் அமெரிக்காவிலிருந்து வந்துவிடுவான், அல்லது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிடும், அல்லது ஒன்றுமே நடக்காமல் அவர் சிரித்த முகமாகக் காலி பண்ணச் சொல்லுவார். மாலிக்கும் அவர் மனைவி சைனபுவும் இப்படியே ஊரின் முக்கால்வாசிப் பேட்டைகளில் வசித்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் பெட்டி விற்கிற மனிதர் தன் வீட்டில் ஒரு பெட்டியையும் முழுசாகக் காலி செய்ததில்லை.

இரண்டு பேருக்கும் சொந்த ஊர் காயல்பட்டினம். அங்கே வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய் வாழ்வார். அங்கே யாரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை. மாலிக் நினைத்தார். அவருடைய வாப்பா சட்டை மாட்டுவதற்குச் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் மாமியாரிடம் கேட்டுத்தான் அடிப்பார். அதைப் பார்த்து வளர்ந்த மாலிக், இந்தப் பிழைப்பு நமக்கு வேண்டாம் என்று சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டார். நிக்காஹ் முடிந்த கையோடு, ஒரே வருஷத்தில் புனேயில் வீடு வாங்கித் தருகிறேன், என்னோடு வா என்று சைனபுவை அழைத்தார். இரண்டு குடும்பங்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. அவள் வந்தாள். அவரை அவளுக்குப் பிடித்திருந்தது, அதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஒரு வருஷம் இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. மகள் ஹுதா பிறந்து வளர்ந்து மும்பைக்குப் படிக்கப் போய்விட்டாள், வீடு மட்டும் வரவில்லை. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததைப் பற்றி மாலிக் ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

ஜனவரியில் மறுபடியும் ஒரு வீட்டுக்காரர் சிரித்த முகமாக வந்து போனார். அன்று கீரை ஆய்ந்துகொண்டே சைனபு சொன்னாள்: "நான் ஊருக்குப் போறேன். செவ்வாக்கெழமை டிக்கெட்டு. உம்மா எனக்குத் தந்த வீடு பூட்டிக் கெடக்குது. நீங்க வாறதுன்னா வாங்க." சண்டையில்லை, அழுகையில்லை. எதையும் இரண்டு தடவை சொல்லுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவள் இல்லாமல் இந்த ஊரில் தனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார், கடையைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை. கூடப் போகலாம். ஆனால் எந்த வீட்டு மாப்பிள்ளையாக இருக்க மாட்டேன் என்று ஓடி வந்தாரோ அந்த வீட்டுக்கே தலை நரைத்த பிறகு போய் நிற்க வேண்டும். அதனால் அவர், ஞாயிற்றுக்கிழமை தீவு பார்க்கப் போவோமா என்று கேட்டார். கடற்கரை ஊர்க்காரி, உப்புக்காற்று பட்டால் மனசு இளகிவிடும் என்று கணக்குப் போட்டார். ஆம்பிளைப் புத்தி அவ்வளவுதான் ஓடும்.

சைனபு நெய்ச்சோறும் கத்தரிக்காய் மாங்காயும் ஆக்கித் தூக்கில் எடுத்துக்கொண்டாள். சுவார்கேட்டில் பஸ் பிடித்துப் போனார்கள். ஃபெர்ரியில் டிக்கெட் பார்க்கிற ரமேஷ் எல்லோருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டான். முதல் தீவில் மாலிக் இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவள் பாதி குடித்துவிட்டு மீதியை அவரிடம் நீட்டினாள். இரண்டாவது தீவில் எந்நேரமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வெயில்தான். காலையில் போய் இறங்கியவர்களும் கொட்டாவி விட்டபடி படுத்துவிட்டார்கள், ஆகுர்டியிலிருந்து வந்த கார்த் தொழிற்சாலைக்காரர் ஒருவரை நான்கு பேர் தூக்கிவந்து படகில் போட்டார்கள். மூன்றாவது தீவில் மீன்கள் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நீந்தின. ஜனங்கள் அவற்றைக் கையால் விலக்கிவிட்டு செல்ஃபி எடுத்தார்கள். மாலிக் ஒவ்வொரு தீவிலும் பேச வாயெடுத்தார். அடுத்த வருஷம் கண்டிப்பாக, என்று ஆரம்பிக்க வேண்டும். அந்த அடுத்த வருஷத்தை எத்தனை தடவை சொல்லியாயிற்று என்று நினைத்ததும் எழுந்து படகுக்கு நடந்தார்.

நான்காவது தீவு சின்னது. பார்க்க ஒன்றுமில்லை என்று ரமேஷே சொன்னதால் இவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இறங்கவில்லை. சைனபு துணி விரித்துச் சோறு போட்டாள். சாப்பிட்ட பிறகு, கிடந்த ஓலைக் கீற்று ஒன்றை எடுத்து உட்கார்ந்த இடத்தைக் கூட்டினாள். அதோடு நிற்காமல், முன்னால் வந்தவர்கள் போட்டிருந்த சிப்ஸ் பாக்கெட்டுகளையும் சேர்த்துக் கூட்டி ஒரு பையில் கட்டிக்கொண்டாள். காரணம் அதுதான் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள், இருக்கலாம். படகு கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ரமேஷ் சைனபுவிடம், "மாவ்ஷி, பீச்சே தேக்கோ," சித்தி, பின்னால் பாருங்கள், என்று கையைக் காட்டினான். தீவு வந்துகொண்டிருந்தது. கன்றுக்குட்டி மாதிரி நாலடி விட்டு வந்தது, படகு வேகம் குறைந்தால் தானும் குறைத்தது.

கரையில் இருந்த அதிகாரி, இருந்த இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள் என்றார். நியாயந்தான் என்று போனார்கள். தீவும் திரும்பிப் போனது, இவர்கள் கிளம்பியதும் மறுபடி வந்தது. நீங்களே சொல்லிப் பாருங்கள் அங்கிள் என்று படகில் இருந்த ஐ.டி. பிள்ளைகள் மாலிக்கைத் தள்ளிவிட்டார்கள். லைஃப் ஜாக்கெட்டோடு படகின் பின்பக்கம் நின்றுகொண்டு அவர், கோழியை விரட்டுகிற மாதிரி இரண்டு கையையும் வீசி, "சூ! போ! போன்னா போ!" என்று தீவை விரட்டினார். சைனபு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பொத்தியும் அடங்கவில்லை. அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வீடுகள் ஆகிவிட்டன. மாலிக்குக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான் என்பதும் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை தீவு, அணையிலிருந்து ஊருக்குள் ஓடுகிற கால்வாயில் இறங்கியது. மதகு தீவைவிடச் சின்னது. லோக்கல் ரயில் கூட்டத்தில் இறங்குகிறவர்களைப் போல அது ஒருக்களித்து வெளியே வந்ததை மதகுக் காவலாளி பார்த்தார். சிங்ககட் ரோட்டில் வண்டிகள் நின்றது தீவினால் அல்ல, அதை வீடியோ எடுக்க நின்றவர்களால். செவ்வாய்க்கிழமை காலையில், மாலிக் குடியிருந்த கட்டடத்துக்குப் பின்னால், கால்வாய் வளைகிற இடத்தில் அது நின்றுகொண்டிருந்தது. ரயிலடிக்குப் போக ஆட்டோ வந்துவிட்டது. மாலிக்தான் சைனபுவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சைனபு ஆட்டோவைப் பார்த்தாள், தீவைப் பார்த்தாள்.

"பெட்டியை அங்கெ கொண்டு வைங்க," என்றாள்.

"அங்கேயா? வெறும் மணலு. வீடு எங்கெ?"

"வரும்," என்றாள். "என்னைத் தேடி இம்புட்டுத் தூரம் வந்திருக்குது, வீடு வராதா?"

பெட்டியை வாங்கிக்கொண்டு ஒரு பலகை வழியாக ஏறிப் போனாள். ஆட்டோக்காரர் காத்திருந்ததற்குக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். செய்தி கேட்டு மும்பையிலிருந்து ஹுதா போன் பண்ணினாள். "உம்மா, அது... சேஃப்பா? ஃப்ளோட் ஆகி வேற எங்கயும் சலா ஜாயேகா?" போனால் நானுந்தான் கூடப் போவேன் என்று தாய் சொன்னதும், அதற்கு மேல் கேட்க அவளிடம் தமிழ் இல்லை.

கோடைக்குள் சுவர் எழும்பியது. கொத்தனார் வரவில்லை, மணல் லாரி வரவில்லை. சிப்பி வளர்வதுபோல வெள்ளையாக வளர்ந்து, தலைக்கு மேலே வந்ததும் கூரையாக மடங்கிக்கொண்டது. அனுமதி இல்லாத கட்டடம் என்று நோட்டீஸ் ஒட்ட வந்த ஆள், கட்டியவர் பெயர் தெரியாததால் அதைத் தென்னை மரத்தில் ஒட்டிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். சைனபு பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைத்தாள்.

மாலிக்கை அவள் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. ஜனவரிக் கடைசியிலேயே வீட்டுத் தரகர் கோண்ட்வாவில் ஒரு ஃபிளாட் பிடித்துக் கொடுத்தார், பதினோரு மாதம். தினமும் கடை அடைத்துவிட்டுக் கால்வாய்க்கரைக்கு வருவார். அவள் பலகையின் பாதி தூரம் வந்து தேநீர் கொடுப்பாள், ஹுதாவைப் பற்றிப் பேசுவார்கள், மீன் விலையைப் பற்றிப் பேசுவார்கள், பிறகு அவர் பஸ் பிடித்து ஃபிளாட்டுக்குப் போவார். பெண்டாட்டி வீட்டில் குடியிருக்க மாட்டேன் என்று ஆயிரம் மைல் ஓடி வந்தவரைப் பெண்டாட்டி வீடு பின்னாலேயே வந்து பிடித்துவிட்டது. வீம்பு லேசில் விடவில்லை. ரம்ஜான் மாதத்தில் ஒரு நாள், அந்த ஃபிளாட்டில் தனியாக நோன்பு திறக்க உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் யார் யார் வீட்டிலோ கேட்டுக் கேட்டுத்தான் வாழ்ந்திருக்கிறார். முன்பின் தெரியாத வீட்டுக்காரர்களிடமெல்லாம் கேட்டவர், அவள் ஒருத்தியிடம் மட்டும் கேட்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறார். மறுநாள் சாவியைத் தரகரிடம் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மாலைத் தொழுகை முடிந்ததும் கரையில் வந்து நின்றார்.

"சைனபு, நான் வரட்டுமா?"

அவள் வாசலில் நின்று அவரை நன்றாகப் பார்த்தாள். "மாப்பிள்ளை தானா வருவாரா? பொண்ணு வீட்டுலேருந்து ஆள் வந்துல்ல அழைச்சிட்டுப் போகணும்."

"உனக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா?"

சைனபு சும்மா கிண்டலுக்குச் சொன்னதுதான், சொல்லிவிட்ட பிறகு அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது தீவு அசைந்தது, பலகை தண்ணீரில் விழுந்தது. வீடும் தென்னை மரங்களும் வாசலில் நின்ற சைனபுவுமாகத் தீவு கால்வாயைக் கடந்து வந்து, மாலிக்கின் செருப்பு நுனியில் தொட்டு நின்றது. பெண் வீட்டார் அழைத்துவிட்டதாக இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள். மாலிக் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை வைத்து ஏறினார். அழுதார், வாய்விட்டே அழுதார். சோறு ஆறுகிறது, உள்ளே வாங்க என்றாள் சைனபு.

தீவு அதன் பிறகு எங்கும் போகவில்லை. அணையில் இப்போது மூன்று தீவுகள்தான், ஃபெர்ரி டிக்கெட்டில் விலை குறைக்கவில்லை. கால்வாய்ப் பாலத்தில் போகிற பஸ்ஸிலிருந்து யாரும் எட்டிப் பார்ப்பதுமில்லை. புதிதாக வருகிற கொரியர்க்காரர்கள் மட்டும் வழி தெரியாமல் கடைக்குப் போன் பண்ணுவார்கள். பாலத்துக்குக் கீழே வெள்ளை வீடு என்று மாலிக் அடையாளம் சொல்லுவார். யார் வீடு என்று கேட்க வேண்டும் சார் என்பார்கள். "மேரி பீவி கா கர்," என் பெண்டாட்டி வீடு, என்று கடையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டு, அவர் அடுத்த பெட்டியைத் திறந்து காட்டப் போவார்.