கடலைக்கு வந்த மருந்து

இனாமாக வருகிற சாமானுக்குத்தான் எழுமலைச் சந்தையில் கேள்வி அதிகம். எண்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழைக்குப் பிறகு, மதுரையிலிருந்து வந்த களைமருந்துக் கம்பெனி ஆபீசர் ஹாலாஸ்யம் டப்பாவைச் சும்மாதான் நீட்டினார். அழகுமலை கையை நீட்டவில்லை.

“இது என்ன செய்யும், சார்?”

“கடலைக்காட்டுல புல்லை மட்டும் கொல்லும். புது இலை விடணும்னா செடி உள்ளுக்குள்ளே கொஞ்சம் கொழுப்புத் தயார் பண்ணிக்கணும். இந்த மருந்து அதை நிறுத்திடும். அப்புறம் புல் எப்படி வளரும்?”

“கடலை?”

“கடலைக்கு ஒண்ணும் ஆகாது.”

தன் சரக்கைத் தானே குறை சொல்கிற வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. அழகுமலை டப்பாவோடு வீடு வந்தான். அப்பன் காலம்வரை அடுத்தவன் காட்டில் கூலிவேலை. இவனுக்கு இரண்டு துண்டு நிலம் வாய்த்திருந்தது. ஒன்றில் விற்பதற்குக் கடலை. மற்றதில் சோளம்; தானியம் வீட்டுக்கு, தட்டை பசுவுக்கு. கைப்பிள்ளை அந்தப் பசும்பாலில்தான் வளர்ந்தது. இரண்டிலும் களை மண்டிக் கிடந்தது.

“கொழுப்பை நிறுத்துற மருந்தைக் கடலையில அடிச்சா, செக்குக்காரன் சக்கையத்தான் ஆட்டணும்,” என்றான் மனைவியிடம்.

“அப்பச் சோளத்துல அடிங்க. அதுலயா எண்ணெய் வடியுது?” என்றாள் மலையம்மாள்.

பேச்சில் ஓட்டை இல்லை. மறுநாள் சோளத்தில் அடித்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. சோளமும் பச்சை, களையும் பச்சை.

“தண்ணியக் குடுத்து அனுப்பியிருக்கான் அந்தாளு.”

“சும்மா குடுத்தவன எங்க போயிக் கேக்குறது?”

அடுத்த வாரம் மலையம்மாள் ஒரு சோளக்குருத்தைப் பிடித்து இழுத்தாள். உருவிக்கொண்டு வந்தது. அடி பழுப்பாக அழுகியிருந்தது. பக்கத்துச் செடியிலும் அப்படியே. வரப்புவரை இழுத்துக்கொண்டே போனாள்.

அடுத்த சந்தையன்று ஹாலாஸ்யம் காட்டுக்கு வந்து பார்த்தார்.

“சோளத்துலயா அடிச்சே? சோளமும் புல் ஜாதிதானேய்யா. நெல்லு, கம்பு எல்லாம் அதேதான். இந்த மருந்து அந்த ஜாதியிலதான் கொழுப்பை நிறுத்தும். கடலையில பலிக்காது.”

“நாங்க திங்கிறது புல்லுன்னு யாரு சார் சொன்னா?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இருக்குற இலையவாச்சும் மாட்டுக்கு அறுத்துப் போடலாமா?”

“மருந்து பட்டது. போடாதே.”

கடலைக்காட்டுப் புல்லைக் கையால் பிடுங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதுவும் தீர்ந்தது. ஒரு காலையில் மலையம்மாள் மாட்டை அவிழ்த்தாள்.

“உசிலம்பட்டியில எங்கண்ணன் வீட்டுல விட்டுட்டு வாரேன். அங்க தட்டை கெடக்கு.”

“பாலு?”

“தீனி போடுறவுக கறந்துக்கிறட்டும்.”

“பிள்ளைக்கு?”

“ரேசன் அரிசியில கஞ்சி வச்சிருக்கேன். ஆறுனதும் குடுங்க.”

அவன் தலையை ஆட்டினான். மாடு முதலில் நகரவில்லை. அவள் கயிற்றைச் சுண்டியதும் நடந்தது.