இரண்டு பலகையும் ஒரு பொடி தோசையும்

அட்டைப்பெட்டியின் அளவைப் பார்த்து மாமா ஏதோ மேஜை வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். பிரித்தால் பலகைகள்.

டெக்சஸில் கடைக்குள் கைத்துப்பாக்கி கூடாது என்றால் ‘கூடாது’ என்று எழுதி ஒட்டினால் போதாது. சட்டத்தில் உள்ள வாசகத்தை அப்படியே எழுத வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு முறை, ஸ்பானிஷில் ஒரு முறை. ஒவ்வோர் எழுத்தும் ஓர் அங்குல உயரம். சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவருபவருக்கு ஒரு பலகை, இடுப்பில் தெரியும்படி மாட்டி வருபவருக்கு இன்னொன்று. இரண்டும் வாசலில், கண்ணில் படுகிற மாதிரி. என் மாமனார் பிச்சுமணி இரண்டையும் மேடையில் சாய்த்து வைத்துப் பார்த்தார். நம்ம மெனுவே இவ்வளவு பெரிசு இல்லையே மாப்ளை என்றார்.

டெக்சஸின் காப்பெல் ஊரில் எங்களுடையது எட்டு மேஜை போட்ட டிபன் கடை. மாமாவும் என் மனைவி மாளவிகாவும் சேர்ந்து ஆரம்பித்தது. மாளவிகா பிப்ரவரியில் இறந்துபோனாள். நான் வாரநாட்களில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறேன். வேலை முடிந்த மாலைகளிலும் சனிக்கிழமை முழுதும் இங்கே வந்து சட்னி அரைத்துவிட்டுக் கல்லாவில் உட்கார்கிறேன். யாரும் வரச் சொல்லவில்லை. வீட்டில் இருப்பதற்கு இது பரவாயில்லை.

பலகைகள் வெண்டலுக்காக வந்தவை. வெண்டல் விமான நிலையத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தவறாமல் வருவார். தொப்பி, சஸ்பெண்டர், வலது இடுப்பில் தோல் உறைக்குள் துப்பாக்கி. ஒரு பொடி தோசை, இரண்டு காபி. பொடி தோசையைச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தவள் மாளவிகா. மூன்று வருடமாக அந்தத் துப்பாக்கியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிட வரும் எங்கள் ஆட்கள் அவர் உட்காரும் மேஜைக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான்.

ஜெயமலர் அன்ட்டி மட்டும் பெரிதாக எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிறு தோறும் அவருடைய சர்ச்சுக்கு எங்கள் கடை இட்லிதான் போகும். போன மாதம் அட்வான்ஸ் கொடுக்க வந்தவர் வெண்டலின் இடுப்பைப் பார்த்துவிட்டு நேராகக் கல்லாவுக்கு வந்தார்.

“தம்பி, உதைப் பாக்காமல் இருக்கத்தானே நாங்கள் இவ்வளவு தூரம் வந்தனாங்கள். தோசைக்குப் பக்கத்திலயும் துவக்கோ?”

அன்றே மாமா பலகைகளுக்கு ஆர்டர் கொடுத்தார். வெண்டலிடம் நேரில் போய்ச் சொல்ல மாமாவுக்குத் தைரியம் வரவில்லை. நாம எதுக்குச் சொல்லணும், போர்டு சொல்லட்டும் என்றார்.

எனக்குப் பலகை வேண்டாம். காரணத்தை மாமாவிடம் சொல்லவில்லை.

மாளவிகா போனபோது வெண்டல் ஊரில் இல்லை. அமரில்லோவில் மகள் வீட்டில் முட்டி அறுவை சிகிச்சை முடித்துவிட்டு மார்ச்சில்தான் திரும்பினார். முதல் நாளே, பாஸுக்கு இன்று லீவா என்று கேட்டார். மாளவிகாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். ஆமாம் என்றேன். அடுத்த சனிக்கிழமையும் கேட்டார், அதற்கடுத்த சனிக்கிழமையும். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். மற்றவர்கள் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்துகிறார்கள். தலையைச் சாய்த்துக்கொண்டு சாப்பிட்டீங்களா என்கிறார்கள். இரண்டு அன்ட்டிகள் ஏற்கெனவே பெண் பார்த்துவிட்டார்கள். உலகத்தில் ஓர் ஆளுக்குத்தான் மாளவிகா வெறுமனே லீவில் இருந்தாள். அந்த ஆளைத்தான் வாசலோடு நிறுத்தப் பார்த்தார்கள்.

மாமா பலகைகளைக் கதவுக்கு இரண்டு பக்கமும் மாட்டினார். புதிதாக எது வந்தாலும் பொட்டு வைப்பது அவர் வழக்கம். கார்டு மெஷினுக்கும் பொட்டு உண்டு. துப்பாக்கிப் பலகையில் சிவப்புப் பொட்டு வைத்தால் யாராவது குறி பார்த்துவிடப் போகிறார்கள் என்றேன். நான்கு மூலையிலும் வைத்தார்.

இந்தியக் கடை வாசலில் புதிதாக ஒரு பலகை முளைத்தால் எங்கள் ஆட்கள் அதைப் படிக்க மாட்டார்கள். அதில் ஒட்டுவார்கள். திங்களன்று அனந்தராமனின் வரிக்கணக்கு விளம்பரம் வந்தது. செவ்வாயன்று தீக்ஷாவின் அரங்கேற்ற நோட்டீஸ். பிறகு அறை வாடகைக்கு, சைவம் மட்டும். பிறகு கணக்கு டியூஷன். மாமாவே வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தை இரண்டு பலகைக்கும் குறுக்காகக் கட்டினார். டேப் கேட்டவர்களுக்கெல்லாம் நான் டேப் கொடுத்தேன். ஒரு ஆள் ஓரமாக ஒட்டப் போனார். நடுவில் ஒட்டினால்தான் தெரியும் என்று சொல்லி நானே ஒட்டிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை வெண்டல் துப்பாக்கியோடு உள்ளே வந்து வழக்கமான மேஜையில் உட்கார்ந்தார். பாஸுக்கு லீவா என்றார். ஆமாம் என்றேன். மாமா சாம்பார் கரண்டியோடு வெளியே ஓடிப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தார்.

“மாப்ளை, ஸ்பானிஷ் மட்டும்தான் மிச்சம் இருக்கு. அதுலயும் பாதிய தீக்ஷா மறைச்சுட்டா.”

மூன்று வாரம் இப்படியே ஓடியது. நான்காவது வாரம் ஜெயமலர் அன்ட்டி வந்தார். வாசலில் நின்று அரங்கேற்ற நோட்டீசைப் படித்தார். அதைத் தூக்கினார். கீழே இருந்ததைப் படித்தார். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கிழிக்க ஆரம்பித்தார். தோரணத்தையும் அவிழ்த்தார். சாவியால் டேப்பைச் சுரண்டினார். மாமா கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயோடு அவர் பின்னாலேயே போனார். பொட்டுகள் மட்டும் தப்பின. போகும்போது அன்ட்டி என்னைப் பார்த்த பார்வையில், டேப் யார் கொடுத்தது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. வெண்டல் வாசலில் நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு படித்தார். ஆங்கிலத்தை முடித்தார். ஸ்பானிஷையும் விடவில்லை. அடுத்த பலகைக்கு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பம் டேபிளுக்கு க்யூ என்று நினைத்து நின்றது. அவர்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் நின்றது. மாமா காபி ஃபில்டருக்குப் பின்னால் குனிந்திருந்தார்.

வெண்டல் படித்து முடித்ததும் திரும்பித் தன் டிரக்கை நோக்கி நடந்தார். க்யூ உள்ளே வந்தது. நான் கல்லாவைப் பூட்டினேன், திறந்தேன். எல்லாருக்கும் தப்பான பில் போட்டேன். மாளவிகாவின் லீவு முடிந்துவிட்டது என்று தோன்றியது.

கதவு திறந்தது. வெண்டல். உறை இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். பழகிய கனம் இல்லை போல. உட்கார்ந்ததும் வலது கை இடுப்பைத் தேடிப் போயிற்று, வெறுமனே திரும்பி வந்தது.

தோசையை நானே கொண்டுபோய் வைத்தேன். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். அவர் முதன்முதலாகக் கடைக்கு வந்த அன்றே பாஸ், ஒரு நாள் இந்தத் துப்பாக்கியை டிரக்கில் வைத்துவிட்டு வரச் செய்கிறேன் பார் என்று சொன்னாளாம். இவர் சிரித்தாராம். வெளியே இருக்கும் எழுத்தின் அளவைப் பார்த்தாலே அவள் வேலை என்று தெரிகிறதாம்.

“சட்னியிலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்,” என்றார். “மார்ச்சிலிருந்து அது வாயில் வைக்கும்படி இல்லை. பாஸுக்கு என்மேல் கோபம் என்று நினைத்தேன். நான் தோற்றுவிட்டேன் என்று போய்ச் சொல். இனியாவது சட்னியை ஒழுங்காகச் செய்யட்டும்.”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“மாளவிகா இறந்துவிட்டாள்,” என்றேன். “பிப்ரவரியில். சட்னி நான் செய்தது.”

அந்த வாக்கியத்தை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் மாமாதான் போன் செய்து சொல்லியிருந்தார்.

வெண்டல் தலையைச் சாய்க்கவில்லை. குரலைத் தாழ்த்தவில்லை. சட்னிக் கிண்ணத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதைத் தன் பக்கம் இழுத்து, தோசையால் வழித்து வழித்து, கிண்ணம் வெள்ளையாகும்வரை சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார்.

“உப்பு ஜாஸ்தி,” என்றார். “நீ அதை ருசி பார்ப்பதே இல்லையா?”

பார்ப்பதில்லை. அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சிரிப்பு வந்தது. சத்தம் கேட்டு மாமா ஃபில்டருக்குப் பின்னாலிருந்து எழுந்தார்.

வெளியே ஒரு ஆள் வலது பக்கப் பலகையில் யோகா வகுப்பு நோட்டீஸை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து டேப் இருக்குமா சார் என்றார்.

“அங்க ஒட்டாதீங்க,” என்றேன். “அத ஜனங்க படிக்கிறாங்க.”