ஜுல்மீரா வாய்விட்டுச் சொன்னவை

1

இந்தக் கதை சமையலறைச் சுவர் வழியாக என்னிடம் வந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். சொரொக்காபா நகரில் எங்கள் குடியிருப்பின் சுவர்கள் அப்படி. ஒரு காலையில் பக்கத்து வீட்டு ஜுல்மீராவின் குரல் கேட்டது.

"அடுப்பைப் பத்த வைக்கிறேன்."

அவள் கணவன் ஒஸ்மார் சொன்னான்: "பத்திக்கிச்சு. பாத்துட்டேன்."

"காப்பிக்குத் தண்ணி வைக்கிறேன்."

"வச்சாச்சு. பாத்துட்டேன்."

ஜுல்மீரா பேசுவதே அபூர்வம். இருவருக்கும் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள். என் கஷ்டம் அங்கே ஆரம்பித்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: வானம் அவளைச் சிறுவயதிலேயே அழைத்தது, அவளும்—

(அடித்துவிட்டேன். "யாரடி இது?" என்று கேட்டாள்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். மாத்தோ குரோசோ மாநிலத்தின் சோயா வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானத்தைப் பல வருஷம் ஓட்டியவள் ஜுல்மீரா. அதில் இருப்பது ஒரே இருக்கை. பேசவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. நாற்பத்தாறு வயதில், முதுகு தாங்காமல், எட்டுப் பேர் போகிற சின்ன ஜெட்டுக்கு மாறலாம் என்று பயிற்சியில் சேர்ந்தாள். பல்செட் செய்து பிழைக்கும் ஒஸ்மார் அதற்காகத்தான் அவளோடு இந்த ஊருக்குக் குடிவந்தான்.

3

ஜெட்டை ஓட்ட இருவர் உட்கார வேண்டும். ஒருவர் எதைத் தொட்டாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் பார்த்து, ஆமோதிக்க வேண்டும். ஜுல்மீராவுக்குக் கை வந்தது, வாய் வரவில்லை.

"நல்லா ஓட்டுறீங்கம்மா," என்றார் பயிற்றுநர் நிஷிமுரா. "ஆனா என்ன செய்றீங்கன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியுது."

தேர்வு நாளில், தரையிலேயே நிற்கும் பாவனை விமானமான சிமுலேட்டருக்குள் அவள் பக்கத்தில் இருந்தவன் கூடப் படிக்கும் வெண்டெல். கிளம்பி மேலே ஏறும்போது வலது எஞ்சினை நின்றுபோக வைத்தார் நிஷிமுரா. ஜுல்மீரா மூக்கை நேராகப் பிடித்தாள், நின்ற எஞ்சினை முழுதாக அணைக்கும் வலது நெம்புகோலைத் தேடிக் கையை நீட்டினாள். எல்லாம் சரி, எல்லாம் மௌனம். போனது இடது என்று நினைத்துக்கொண்ட வெண்டெல், உதவுவதாக எண்ணி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினை நிறுத்திவிட்டான். திரை இருண்டது. இருவரும் தோற்றார்கள்.

பிறகு சிற்றுண்டிக் கடையில் வெண்டெல் அவள் எதிரே உட்கார்ந்தான்.

"அக்கா, நான் உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்" என்றான். "நெஜ விமானமா இருந்தா, நம்ம ரெண்டு பேரையும் நானே கொன்னிருப்பேன்."

அவள் தன் தட்டிலிருந்த பாதி பாஸ்தெல் பலகாரத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"இதையும் வாயத் தொறந்து சொல்லலாம்க்கா," என்றான் அவன். ஆனாலும் சாப்பிட்டான்.

4

(இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கு ஒரே குஷி. அதனாலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

ஜுல்மீராவின் பொழுதுபோக்கு பொத்தான் கால்பந்து. மேசைமேல் பெரிய பொத்தான்களை வில்லையால் அழுத்திச் சறுக்கவிட்டு ஆடுவது. சனிக்கிழமைகளில் கிளப்பில் ஓய்வுபெற்ற ஆண்களையெல்லாம் தோற்கடித்து வருவாள். அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. அடிக்கும் முன் "கோலுக்கு அடிக்கிறேன்" என்று அறிவிக்க வேண்டும். எதிராளி தன் கோல்காப்பாளனை நிறுத்திவிட்டு "சரி" என்ற பிறகே அடிக்கலாம். சொல்வது, பதிலுக்குக் காத்திருப்பது: ஜெட்டின் பாடமும் அதுதானே! மேசையிலிருந்து அவள் அதைக் கற்றுக்கொண்டாள் என்று ஒரு பக்கம் எழுதிப் படித்துக் காட்டினேன்.

"நிறுத்துடி. முப்பது வருஷமா அந்த ஆட்டத்துல கத்திக்கிட்டுதான் இருக்கேன். ஜெட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

"அப்ப எதுக்கு ஆடுற?"

"ஜெயிக்க."

கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "அங்க சொல்றது எதிராளிக்கு. அது சுலபம். கூட இருக்கறவனுக்குச் சொல்லணும்னாதான் எனக்கு வர மாட்டேங்குது."

அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டேன்.

5

மறுதேர்வு வரும்வரை வாய்விட்டுச் சொல்லிப் பழக ஒஸ்மாரைத் துணைக்குக் கூப்பிட்டாள். அடுப்பு, குழாய், கதவு என்று போனது. (எங்கள் வீட்டில் அலாரமே தேவைப்படவில்லை.) பிறகு ஒரு நாள், ஒஸ்மார் சொன்னபடி, இப்படி நடந்தது:

"பீன்ஸ்ல உப்பு போடறேன்."

"பாத்துட்டேன்."

"ஜாஸ்தியாப் போச்சு."

"அதையும் பாத்துட்டேன்."

"கோவமா இருக்கேன்."

இத்தனை வருஷத்தில் அவள் கோபத்தை அவன் பாத்திரங்களின் சத்தத்திலிருந்துதான் தெரிந்துகொண்டிருக்கிறான்.

"யார் மேல?" என்றான்.

"என் மேலதான். வெண்டெல்கிட்ட ஒரு மன்னிப்புகூடக் கேக்கல."

அன்று மாலையே வெண்டெலைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பால்கனியில் நின்று பேசியதால் எனக்குக் கேட்கவில்லை.

6

மறுதேர்வில் ஏறும்போது இடது எஞ்சின் போனது.

"இடது எஞ்சின் போச்சு. இடது நெம்புகோல்ல கை வச்சிருக்கேன்."

"இடதுதான். சரி, இழுங்க" என்றான் வெண்டெல்.

வெளியே ஒஸ்மாரும் நானும் காத்திருந்தோம். இருவரும் தேறினார்கள். வெண்டெல் எங்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்தான். நிஷிமுராவையும் விடவில்லை.

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவள் ஜெட்டில் அந்தச் சோயா வயல்களின் மேல் பறந்து— (வேண்டாம்.) மற்றொன்றில் கிளப்பில் கோப்பை— (அதுவும் வேண்டாம்.) உண்மையில் நடந்தது வேறு.

காரில் திரும்பினோம். ஒஸ்மார் ஓட்ட, நான் பின்னால் இருந்தேன். "ஒஸ்மார், ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்த ஜுல்மீரா, வண்டியை ஒரு கடை முன் நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் கடையில சீஸ் ரொட்டி வாங்கிட்டு வாடி. சூடா வர்ற வரைக்கும் நில்லு. அவசரமே இல்ல."

கடையின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வண்டி நின்றிருந்தும் ஒஸ்மார் ஸ்டீயரிங்கை விடவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அவன் ஒரு முறை தலையைக் குனிந்துகொண்டான்.

ரொட்டிப் பையோடு திரும்பியபோது அவனுடைய மூக்கு சிவந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஜுல்மீரா இருந்தாள்.

"என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"அத எழுதாத."

"கதைக்கு முடிவு வேணாமா?"

"அது உன் பாடு."

அவள் வாயில் வைக்க மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தேன். மூன்றும் என் குரலில் இருந்தன. அதனால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். நீங்கள் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதும் வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் உங்கள் ஆள் யாராவது இருக்கும்போது.