இருபத்தெட்டாம் நோன்பின் நானகத்தா

பையை அவிழ்த்துப் பார்த்ததும் ஷிஹாராவுக்கு ஆத்திரம் வந்தது. கோதுமை மா, சீனி, இரண்டு கட்டி மார்ஜரின், அப்பச்சோடா. ஒரு வார்த்தை கேட்காமல் புருஷன் வாங்கி வந்திருக்கிறான்.

“இதெல்லாம் யாருக்கு?”

“பெருநாளுக்கு ரெண்டு நாள்தானே இரிக்கி. நானகத்தா செய்ய வேணாமா?” நபீஸ் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். “வீட்டுக்கு ஆக்கள் வருவாங்க.”

“வந்தா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்.”

அவன் படியிறங்கிப் போனான். வெள்ளவத்தையில், காலி வீதியோரம், ஃபோன் திருத்தும் கடை வைத்திருப்பவன் அவன். நவம்பர் மழையில் டெங்கு வந்து நிம்றா மௌத்தாகி, அடக்கம் செய்த எட்டாம் நாளே அந்தக் கடையைத் திறந்துவிட்டான். ஒன்பது வயது மகள், ஒரே பிள்ளை. அவன் அழுது ஷிஹாரா ஒருநாளும் கண்டதில்லை. இந்த மனுசனுடைய நெஞ்சு என்ன கல்லா என்று அவள் மனதுக்குள் கேட்காத நாளும் இல்லை.

பை பகல்வரை மேசையிலேயே கிடந்தது. லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது, அலுமாரிக்கு மேலிருந்த தகர டின் கண்ணில் பட்டது. மேல்மாடி சுபோதினி தீபாவளிக்கு முறுக்குப் போட்டுக் கொடுத்த டின். வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று வைத்து, அப்படியே மாதங்கள் ஓடிவிட்டன. ஷிஹாரா ஓவனைத் துடைத்தாள்.

மார்ஜரினும் அரைத்த சீனியும் குழைந்து வெள்ளையாகும்வரை கையால் தேய்த்தாள். மாவையும் சோடாவையும் போட்டுப் பிசைந்தாள். பிசைந்ததில் ஒரு துளி கிள்ளி, பழக்கத்தில், இடுப்பளவு உயரத்தில் கையை நீட்டினாள்.

அங்கே ஒருவரும் இல்லை.

நோன்பு பிடித்தவர்கள் வாயில் வைத்துப் பார்க்க முடியாது. மூன்று வயதிலிருந்து இந்த வீட்டில் ருசி பார்க்கிற ஆள் நிம்றாதான். கண்ணை மூடிச் சப்பிவிட்டு, “சீனி காணா உம்மா” என்பாள். சீனி போதுமாக இருந்தாலும் அதையேதான் சொல்வாள். இன்னொரு கிள்ளு கிடைக்குமே! போன வருடம் பத்து நோன்பு பிடித்தவள், நானகத்தா செய்கிற அன்று மட்டும், “இண்டைக்கு எனக்கு வேல இரிக்கி” என்று நோன்பை விட்டாள். அடுத்த வருடம் முப்பதும் பிடிப்பேன் என்று சொல்லியிருந்தாள்.

ஷிஹாரா நீட்டிய கையோடு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. பிறகு மாவை உருட்டி, தட்டில் அடுக்கி, ஓவனுக்குள் தள்ளினாள். பிஸ்கட்டுகள் அழகாக உப்பி, மேலே வெடித்து வந்தன. முதல் இருபதை டின்னில் போட்டு மேல்மாடிக்குக் கொண்டுபோனாள்.

சுபோதினி வாசலிலேயே ஒன்றைக் கடித்தாள். ஒரு கணம் வாய் நின்றது. பிறகு மென்று விழுங்கிவிட்டு, ஷிஹாராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா இருக்கு ஷிஹாரா. நீங்க செய்வீங்களெண்டு நான் நினைக்கேல்லை.”

அன்று நபீஸ் நேரத்தோடே கடையைப் பூட்டிவிட்டு வந்தான். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார்கள். கஞ்சி குடித்தார்கள். தொழுகை முடிந்து தேத்தண்ணியோடு அவன் நானகத்தாத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டான். ஒன்றைத் தின்றான். இரண்டாவதையும் தின்றான். மூன்றாவதை எடுக்கும்போதுதான் ஷிஹாரா தானும் ஒன்றைக் கடித்தாள்.

கசந்தது. நாக்கில் சவர்க்காரம் பட்டதுபோல ஒரு கசப்பு. கையை நீட்டியபடி நின்ற அந்த நேரத்துக்குப் பிறகு, மறதியில் சோடாவை இரண்டாம் முறையும் போட்டிருக்கிறாள்.

“யா அல்லாஹ்! இதையா நான் சுபோதினிக்குக் குடுத்த? அவ நல்லா இருக்கெண்டு சொன்னாவே!” என்றவள், அவன் பக்கம் திரும்பினாள். “நீங்களும் சும்மா திண்டுட்டு இரிக்கிறீங்க. கசக்குதெண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா?”

“எப்பிடிச் சொல்ற?” என்றான் நபீஸ். “நீ அந்த மாவப் பிசைய என்ன பாடு பட்டிருப்பாய்…”

கையிலிருந்த துண்டைத் தட்டில் வைக்கப் போனான்; அது நொறுங்கிக் கொட்டியது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் போட்டு அழுதான். ஷிஹாரா திகைத்துப்போனாள். எழுந்துபோய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். அவளும் அழுதாள். நாலு மாதமாக ஆளுக்கொரு மூலையில் கிடந்தவர்கள் அவர்கள்.

அழுகை ஓய்ந்தபிறகு அவன்தான் சொன்னான். “வீட்டில இருக்க ஏலாமத்தான் கடையத் தொறந்தன். காலையில முதல்ல மையவாடிக்குப் போறன். பொறகுதான் கடை.”

“ஒவ்வொரு நாளுமா?”

“ஓ, ஒவ்வொரு நாளும்.”

மகளை அடக்கிய அந்த இடத்தை அவள் கண்டதில்லை. அவர்கள் குடும்பத்தில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. இத்தனை நாள் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் அவளுக்குத் துணிவு வரவில்லை.

“புல்லு மொளைச்சிட்டா?” என்று கேட்டாள்.

“மொளைச்சிட்டு. தலமாட்டில ஒரு செடி நட்டிரிக்கன். வேர் புடிச்சிட்டு.”

“பக்கத்தில அடக்கியிரிக்கிற ஆள் ஆரு?”

“ஒரு பொம்புளை. கல்கிசைப் பக்கமாம். அவட மகன் வெள்ளிக்கிழமையில வாற. நம்மட புள்ளைக்கும் சலாம் சொல்லி, துஆ கேட்டுட்டுத்தான் போற.”

ஷிஹாரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இன்னும் சொல்லுங்கோ,” என்றாள்.