மீன்குஞ்சுக்கு மணிக்கொரு வேளை

துரையின் மீன்குஞ்சுகளுக்கு மணிக்கொரு தரம் ஆட்டு ஈரல். என் பிள்ளைக்குப் பகல் முழுவதும் இரண்டே தரம் பால். இதைக் கேட்டு யாருக்காவது வயிறு எரியவில்லை என்றால் அவர் என்னோடு பேசவே வேண்டாம்.

இலங்கை சர்க்கார் எங்கள் குடியுரிமையையும் ஓட்டுரிமையையும் பிடுங்கி நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம் அது. பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்குள் நான் வேலைக்கு இறங்கியிருந்தேன். தேயிலைத் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு அப்போது மீன் பைத்தியம். பங்களாவுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஓடைத் தண்ணீரைக் குழாயில் இழுத்து, நீளத் தொட்டிகளில் ட்ரவுட் மீன் முட்டைகளைப் பொரிக்க வைத்திருந்தார். குஞ்சுகள் வளர்ந்ததும் ஆற்றில் விடுவாராம். பிறகு தூண்டில் போட்டு அவரே பிடிப்பாராம். வேலையற்ற வேலை! கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என்னை அந்தக் கொட்டகைக்கு அனுப்பியவர் கண்டாக்கையா செல்வரத்தினம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மலையில் எங்களை வேலை வாங்குவதும், துரை இங்கிலீசில் பேசுவதை எங்களுக்குச் சொல்வதும் அவர் பாடு.

பொரித்த உடனே குஞ்சுக்குச் சாப்பாடு வேண்டாம். முட்டையின் மஞ்சள் கரு ஒரு பையாக அதன் வயிற்றிலேயே தொங்கும். அதைக் கரைத்துக்கொண்டே அடியில் கிடக்கும். பை வற்றி, மேலே எழும்பி நீந்தத் தொடங்கும்போதுதான் இரை தேடும். அப்போது நுவரெலியாவிலிருந்து வரும் ஈரலைச் சுரண்டி, மல் துணியில் பிழிந்து, துளித் துளியாக விட வேண்டும். குஞ்சின் மேல் எனக்குக் கோபமில்லை. அது பாவம், என்ன செய்யும்?

என் மகள் கீழே பிள்ளைக்காம்பராவில் கிடந்தாள். வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளை அங்கே ராசம்மா அக்கா பார்த்துக்கொள்வாள். நல்ல மனுஷிதான், ஆனால் அவளிடம் பால் ஏது? காலையில் ஒருதரமும் மத்தியானம் ஒருதரமும்தான் தாய்மார் போய்ப் பால் கொடுக்கலாம். நடுவில் அழுதால் கஞ்சித்தண்ணீர். அது என் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பச்சை பச்சையாகப் போனாள். தொடையில் தோல் சுருங்கித் தொங்கியது.

"இப்புடியே விட்டா புள்ள தங்காது நாகு," என்றாள் ராசம்மா அக்கா.

எனக்கோ மேலே கொட்டகையில் ரவிக்கை நனைந்து பால் வீணாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியவில்லை. இரண்டு வேளை ஈரலை ஒரே வேளையில் கொட்டிவிட்டு இறக்கத்தில் ஓடினேன். பிள்ளையின் வயிறு நிறைந்த பிறகுதான் திரும்பினேன். தொட்டியில் தண்ணீர் கலங்கி, குஞ்சுகள் சில வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பக்கத்தில் துரை நின்றார், முகம் தக்காளியாகச் சிவந்து. கண்டாக்கையாவும் நின்றார். துரை கத்தி முடித்ததும் அவர் தொடங்கினார்.

"துரை என்ன சொல்லுறாரெண்டால், இதுகளின்ர வயிறு இன்னும் சரியா உருவாகேல்லை. ஒரேயடியாக் கொட்டினாச் செமிக்காது. பிறகு பட்டினி போட்டாலும் செத்துப்போம். கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுக்க வேணும். இதுகூட விளங்காதோ உனக்கு?"

"நல்லா வெளங்குதுங்க," என்றேன். "எம்புள்ள வயிறும் அப்புடித்தாங்க. அதையும் தொரைக்குச் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாகவே தெரியும், திட்டுவதற்கு மட்டும்தான் அதை வெளியே எடுப்பார். நேராக அவரிடமே கேட்டேன்.

"தொரைங்களே, மீனு செத்தா நான் பதில் சொல்லணும். எம்புள்ள செத்தா யாருங்க பதில் சொல்றது?"

துரை மிதந்த குஞ்சு ஒன்றைத் தொட்டியிலிருந்து எடுத்து எறிந்தார். பிறகு கண்டாக்கையாவிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பங்களாவுக்குள் போனார்.

"உன்ர பிள்ளையை இங்க கொண்டுவந்து வச்சிருக்கலாமாம்," என்றார் கண்டாக்கையா, குரலை இறக்கி. "ஆனா ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத."

ஆசை வந்தது. பொய் சொல்வானேன்? கொட்டகை உத்தரத்தில் சேலையைக் கட்டி ஏணைத் தொட்டில் போட்டுவிடலாம். கை எட்டும் தூரத்தில் பிள்ளை. ஆனால் அதே பிள்ளைக்காம்பராவில் அம்மாக்கண்ணுவின் பையனும் காளியாயியின் பெண்ணும் அதே கஞ்சித்தண்ணீரைக் குடித்துத் துவண்டு கிடந்தார்கள்.

"மத்த புள்ளைங்களுக்குங்க?"

"அது உனக்கு என்னத்துக்கு? கூடக் கதைச்சா பேர் வெட்டிப்போடுவன்."

அடேயப்பா, பெரிய மிரட்டல்! நாட்டுக் கணக்கிலிருந்தே எங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். இவர் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டப்போகிறாராம்.  ஈரல் கிண்ணத்தை அவர் காலடியில் வைத்தேன்.

"அப்ப நீங்களே சொரண்டிப் போடுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

மத்தியானம் பால் கொடுக்க வந்த பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துரை சொன்ன வயிற்றுக் கதையைக் கேட்டு அம்மாக்கண்ணு கையைத் தட்டினாள்.

"மீனுக்கு ஒரு நியாயம், நம்ம புள்ளைக்கு ஒரு நியாயமா? நாளைக்கு எவளாச்சும் அந்தக் கொட்டகைப் பக்கம் போங்கடி, பார்க்குறேன்!"

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, மீன் கொட்டகைக்கு யார் என்று கேட்டார் கண்டாக்கையா. காளியாயி வானத்தைப் பார்த்தாள். இன்னொருத்திக்கு ஈரல் வாடை குமட்டுமாம். கைக்குழந்தைக்காரி ஒருத்தியும் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விடவில்லை. மார்போடு கட்டிக்கொண்டே மலைக்கு ஏறினோம். செடியோரத்தில் சாக்கை விரித்துக் கிடத்தினோம். அழுத பிள்ளையை அழுத நேரத்தில் எடுத்தோம்.

பங்களாவில் துரை கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தானே ஈரல் சுரண்டினாராம். சமையல்காரர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரண்டு வேளை கொடுத்திருக்கிறார். மூன்றாவது வேளைக்கு விரலை வெட்டிக்கொண்டாராம்.

உச்சிவெயிலில் கண்டாக்கையா மூச்சிரைக்க மலைக்கு வந்தார். நான் சாக்கில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை அழேக்கை எல்லாரும் போய்ப் பால் குடுக்கலாமாம். துரையே சொல்லிப்போட்டார்," என்றார். "நீ கெதியா எழும்பி வா. குஞ்சுகள் பசியில கிடக்குதுகள்."

நான் எழுந்திருக்கவில்லை. மகளை மறுபக்க மார்புக்கு மாற்றினேன்.

"புள்ள குடிச்சு முடிக்கட்டுங்க ஐயா. அதுவரைக்கும் மீனு காத்திருக்கட்டும்."

கண்டாக்கையா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வெயிலிலேயே காத்து நின்றார்.