கம்பித் தெருவின் பதினோராவது ஆள்

கம்பித் தெருவில் கம்பி கிடையாது. மின்சாரம் மனிதர்கள் வழியாகத்தான் போகும். காலை பத்து மணிக்கு வீட்டுக்கு ஒருத்தர் தெருவில் வந்து, அடுத்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கோயில் முனையில் ஏறுகிற மின்சாரம் கை மாறிக் கை மாறிக் கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேரும். வலிக்காது. உள்ளங்கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

சந்தனமாரி வீட்டிலிருந்து இதுவரை அவள் நாத்தனார் பேச்சித்தாய்தான் நின்றாள். ஒருநாள் பக்கத்து ஆள் வரவில்லை. அந்த இடத்தையும் சேர்த்து எட்டிப் பிடித்ததில் பேச்சித்தாய் நீண்டுவிட்டாள். இப்போது நாற்பதடி இருப்பாள். நீண்ட அளவுக்கு மெலிந்தும் போனாள். நீளம் கூடினாலும் மின்சாரத்துக்குத் தடை கூடும், பருமன் குறைந்தாலும் தடை கூடும். ஆகவே அவளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

“மதினி, என் கால் எங்க கிடக்கு?” என்று கூடத்திலிருந்து கேட்டாள்.

“கொல்லையில. வெயில்ல.”

“அதான் சுடுது.”

சந்தனமாரிக்கு இன்று முதல் நாள். கம்பி ஆபீஸ் இருதயராஜ் மீட்டரும் படிவமும் கொண்டு வந்தார்.

“நீளம்?”

“அஞ்சடி.”

“பருமன்?”

“பாத்தாத் தெரியலையா அண்ணாச்சி?”

“பொருள்?”

“என்ன பொருள்?”

“நீ எதுல செஞ்ச ஆளுன்னு கேக்கேன். செம்பா, இரும்பா, அலுமினியமா? ஒரே நீளம், ஒரே பருமனா ரெண்டு பேர் இருந்தாலும், உள்ள இருக்க பொருளுக்குத் தக்கன தடை மாறும்லா?”

“எங்கம்மாகிட்டதான் கேக்கணும்.”

“கேட்டுச் சொல்லு.”

“அவ செத்து ஒம்பது வருசமாச்சே.”

“அப்ப மெதுவாச் சொல்லு.”

அந்த இடத்தைக் காலியாக விட்டு, அவளைப் பதினோராவது ஆளாக நிறுத்தினார்.

அவள் மனசு வீட்டில் இருந்தது. அங்கே ஓர் அட்டைப்பெட்டியில், பல்பின் சூட்டில் பதிமூன்று முட்டைகள். இன்று இருபத்தொன்றாம் நாள், குஞ்சு பொரிக்கிற நாள். அடை கிடந்த கோழி பாதியில் எழுந்து போய்விட்டது. அதற்குக் கம்பி ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை கிடைத்திருந்தது. கொத்துகிற வேகத்தைப் பார்த்து உடனே எடுத்துக்கொண்டார்கள்.

மின்சாரம் வந்தது. பத்தாவது ஆளான டீக்கடை முத்தையா நல்ல பருமன். அவர் வழியாகத் தண்ணீர் போல ஓடியது. சந்தனமாரியிடம் வந்ததும் தயங்கியது. அவளுக்கு முழங்கை சுட்டது. பிறகு மடி சுட்டது. அவளைத் தாண்டிய வீடுகளில் பல்பெல்லாம் மங்கிச் சிவந்தன. கடைசி வீட்டு மிக்சியில் தேங்காய் பாதியில் நின்றது.

“ஏ பதினொண்ணு! என்ன செய்யுத?” என்று கடைசி வீட்டுப் பக்கமிருந்து ஏசினார்கள்.

“சும்மாதான் நிக்கேன்.”

அவள் வீட்டு பல்பும் மங்கியது. முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. மடியோ தோசைக்கல் மாதிரி காய்ந்தது. சந்தனமாரி கொஞ்சம் யோசித்தாள். பிடித்த கைகளை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“பேச்சி! முட்டைய இங்க எடு.”

ஜன்னல் வழியாகப் பேச்சித்தாயின் கை வந்தது. முட்டைகளை ஒவ்வொன்றாக அவள் மடியில் அடுக்கிவிட்டு, பக்கத்திலேயே கிடந்தது.

இருதயராஜ் ஓடிவந்து மீட்டரைப் பார்த்தார். “தடை ஏறுது. சூடாகச் சூடாக இன்னும் ஏறும். எந்திரி, வேற ஆளப் போடுதேன்.”

“மதினி, நானும் ஒரு பக்கமாப் புடிக்கட்டா?” என்று உள்ளேயிருந்து பேச்சித்தாய் கேட்டாள். “ரெண்டு வழியாப் பிரிஞ்சு போனா தடை குறையும்.”

“சூடும் குறைஞ்சிருமே பேச்சி. பத்து நிமிசம் பொறு.”

பன்னிரண்டாவதாக நின்ற இஸ்திரிக்கடை செண்பகவடிவு கையை உதறப் பார்த்தாள். “என் பெட்டி ஆறிப்போச்சு. நான் விடுதேன்.”

அப்போது மடிக்குள் டொக் என்று ஒரு சத்தம். செண்பகவடிவு குனிந்து காதை வைத்தாள். மறுபடி டொக்.

“பொட்டக் குஞ்சா இருந்தா எனக்கு ஒண்ணு தருவியா?”

“தாரேன்.”

“ரெண்டு?”

“கையப் புடிளா முதல்ல.”

அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முத்தையா தன் பக்கத்துக் கையை விடவே இல்லை. தெரு ஏசுவதை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தது. ஒன்று. நான்கு. ஒன்பது. பன்னிரண்டு. பதிமூன்றாவது வெகுநேரம் அசையவில்லை. சந்தனமாரி வயிற்றை எக்கி உடம்பை ஒடுக்கினாள். மடி இன்னும் கொஞ்சம் சூடானது. ஓடு விரிசல் விட்டது.

“இப்பப் புடி பேச்சி,” என்றாள்.

பேச்சித்தாயின் கை அந்தப் பக்கம் முத்தையாவையும் இந்தப் பக்கம் செண்பகவடிவையும் சேர்த்துப் பிடித்தது. பல்புகள் வெளுத்து எரிந்தன. கடைசி வீட்டில் தேங்காய் அரைபட்டது.

இருதயராஜ் நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டுப் படிவத்தை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டு, காலியாக விட்ட இடத்தில் ‘கோழி’ என்று எழுதி ஆபீஸுக்கு அனுப்பினார்.

மத்தியானம் அது டைப் அடித்து வந்தது. ஒரு பிழை இல்லை. கீழே கையெழுத்துப் போடுகிற இடத்தில் மூன்று கீறல்கள் இருந்தன.

சந்தனமாரி அதைக் குஞ்சுகளுக்குக் காட்டினாள். “உங்கம்மா வேலையில நல்லாத்தான் இருக்கா.”

பிறகு பதினோராவது இடத்தில் ஒழுங்காகக் குந்தி உட்கார்ந்து, பதிமூன்றும் உள்ளே வரட்டும் என்று சேலையைக் கொஞ்சம் அகட்டிக் கொடுத்தாள்.